அழித்ததை விடாத கம்ப்யூட்டர்

என் கடைக் கம்ப்யூட்டருக்கு வந்த சீக்கு என்னவென்று கண்டுபிடித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் என் மருமகன் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் என் அச்சகம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி வருடம் பாதி நாள் போகவில்லை. ஓர் அச்சாபீசில் தரை கூட்டப் போய், மை தடவி, எழுத்துக் கோர்க்கக் கற்று, பிறகு அந்த அச்சாபீசையே விலைக்கு வாங்கினவன். யாரும் எனக்குக் கைகொடுக்கவில்லை. இந்த ஊரில் இன்று பேரன் பேத்தி எடுத்து உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகை என் கையில் அச்சானது. பட்டம் வாங்கின பலபேர் என் கடையில் வந்து நின்று, தங்கள் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் எப்படிப் போடுவது என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

என் தொழில் முறையைச் சொன்னால்தான் நடந்தது புரியும். ஈய எழுத்துக் காலத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு ஒவ்வொரு தடவையும் முழுக்க அச்சுக் கோர்க்க மாட்டேன். அழைப்பு வாசகத்தைப் பிழையில்லாமல் ஒரு தடவை கோர்த்து, நூலால் கட்டி, அப்படியே நிறுத்தி வைத்துவிடுவேன். புதுக் கல்யாணம் வந்தால் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், முகூர்த்தம், இதை மட்டும் உருவி எடுத்துவிட்டுப் புதிதாகச் சொருகுவேன். மற்ற கடைக்காரன் பாதி கோர்ப்பதற்குள் நான் புரூஃப் காட்டிவிடுவேன். இந்த வேகத்தில்தான் நான் முன்னுக்கு வந்தேன்.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த முறையை நான் விடவில்லை. வாசகம் அடிக்கிற எடிட்டர் புரோகிராமில் ஒரே ஒரு ஃபைல். மேல் பாதியில் இந்துக் கல்யாண வாசகம், கீழ்ப் பாதியில் கிறிஸ்தவக் கல்யாண வாசகம். யார் வந்தாலும் அந்த ஒரே ஃபைலில் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரை அடிக்க வேண்டியதுதான். விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து, திரைக்குப் பொட்டு வைத்து, அந்த ஃபைலைத் திறப்போம். அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் ஃபைலையும் மூடுவதில்லை, மெஷினையும் அணைப்பதில்லை. கரண்டு போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. நல்ல நேரத்தில் தொடங்கின வேலையை நடுவில் நிறுத்துவது எனக்கு ஆகாது.

அதில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கணவர் போலீஸ்காரர், பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். கிறிஸ்தவப் பெண், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டாள். எங்கள் பூஜைக்கு அவள் பொரி கடலை வாங்கிக்கொள்வாள், அவள் கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவருகிற கேக்கை நாங்கள் வாங்கிக்கொள்வோம். என் கடைக்கு வந்து எத்தனையோ வருடமாகிறது. விரல் பார்க்காமல் அடிப்பாள். அது பெரிய விஷயமில்லை, அடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்தக் குடும்பத்தில் எந்தத் தாய்மாமன் பெயரை எந்தச் சித்தப்பா பெயருக்கு மேலே போட்டால் மண்டபத்தில் சண்டை வரும் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்த ஆள் இந்த இரண்டு ஊரிலும் வேறு கிடையாது. நான் பொறுக்கி எடுத்த ஆள், அப்படித்தான் இருப்பாள்.

தை மாதம் கல்யாண வேலை குவிந்திருக்கிற நேரத்தில் மெஷின் இழுக்கத் தொடங்கியது. எழுத்தை அடித்தால் திரையில் வருவதற்கு நேரமாகிறது.

"அண்ணாச்சி, ஒரு எழுத்த அடிச்சு வச்சிருக்கேன். அது வரதுக்குள்ள போயி டீ குடிச்சிட்டு வாரேன்" என்றாள்.

"மெதுவா அடி."

"மெதுவாவா? இதுக்கு மேல மெதுவா அடிச்சா கல்லுல தான் செதுக்கணும்."

தென்காசி ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஆளைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்தார். உள்ளே பல்லி முட்டை போட்டிருந்தது. அதை எடுத்துவிட்டுத் தூசி ஊதினார். அப்புறம், "ஐயா, ரேம் பத்தல. மெஷின் வேலை செய்யும்போது எல்லாத்தையும் பரப்பி வைக்க ஒரு மேசை வேணும்ல, அந்த மேசைதான் ரேம். உங்க மேசை சின்னது" என்றார். சரி, மேசையைப் பெரிதாக்கு, ஆனால் அணைக்காதே என்று பணத்தைக் கொடுத்தேன். திறந்திருந்த ஃபைலோடு மெஷினை அப்படியே உறங்க வைத்து, ரேமைச் சொருகி, திரும்ப எழுப்பினார். மெஷின் பறந்தது. எனக்கும் சந்தோஷம்.

பங்குனியில் மறுபடியும் அதே கதை. அந்த ஆளைக் கூப்பிட்டால், "ஐயா, இன்னும் பெருசாக்குவோம்" என்கிறார். ஏன் நிறைகிறது என்று கேட்டேன். "அது அப்பிடித்தான் நிறையும்" என்றார். குடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் பெரிய குடம் வாங்கச் சொல்கிற ஆளோடு எனக்கு என்ன பேச்சு? அனுப்பிவிட்டேன்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மருமகனுக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர், மாமா மாமா என்று மரியாதையாகப் பேசுவார். ஆனால் அவருக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான்.

"ரீஸ்டார்ட் பண்ணுங்க மாமா."

"ஆயுத பூஜை வரைக்கும் அணைக்க மாட்டேன்னு ஒங்களுக்குத் தெரியாதா மாப்பிள்ளை?"

"மாமா, அது கம்ப்யூட்டர். குத்துவிளக்கு இல்ல."

"குத்துவிளக்கைக் கூட அணைச்சு ஏத்தலாம். கம்ப்யூட்டர்தான் அணைச்சா திரும்ப வருமாங்கிறதுக்கு உத்தரவாதம் கிடையாது."

அவர் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்புறம் நானே யோசித்தேன். அந்தப் பெண் வேலை செய்யும்போது கம்ப்யூட்டரிலேயே இயேசு பாட்டு மெதுவாக ஓடவிட்டிருப்பாள். காலையில் வந்தால் சாயங்காலம் வரை ஓடும். எனக்கு அது பிடிக்காது என்றில்லை, ஆனால் மெஷினுக்குப் பாரம்தானே? கடையில் ஆள் இருக்கும்போதே சொன்னேன்.

"ஏம்மா, அந்தப் பாட்டுதான் மெஷினைத் திங்குது. நிறுத்து."

அவள் பாட்டை நிறுத்தினாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை "ம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. நோய் பார்க்கிறவன் எல்லாவற்றையும்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் பாட்டு நின்ற பிறகும் மெஷின் இழுத்துக்கொண்டேதான் இருந்தது. பாட்டும் இல்லை, வேகமும் இல்லை.

சித்திரை கடந்து வைகாசி பிறந்தது. முகூர்த்தம் அடுத்தடுத்து வருகிற மாதம். ஒரு நாள் மதியம் தூக்குவாளியைக் கழுவி வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஃபிளெக்ஸ் போர்டு அடிக்குற கடையில என்னைக் கூப்பிடுதாவ. புது மெஷினு. வீட்டுலருந்து நடந்தே போயிரலாம்."

"யாரு கூப்பிட்டது?"

"யாரு கூப்பிட்டா என்ன. ஒரு பேரத் திருத்துறதுக்கு இங்க நான் அர மணி நேரம் உக்காந்திருக்கேன். பார்ட்டி எல்லாம் என்னையத்தான் வையுதாவ, ஒங்கள வையல. இந்த வாரம் அந்த மகாராஜபுரத்து பட்டாளத்துக்காரர் வீட்டுப் பத்திரிகைய முடிச்சுக் குடுத்துட்டு நான் போயிருதேன்."

"சம்பளம் கூட்டித் தாரேன்."

"நான் சம்பளம் கேட்டனா?"

கேட்கவில்லைதான். வேறு என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மெஷினைச் சரிபண்ணிவிட்டால் போக மாட்டாள் என்று மட்டும் நினைத்தேன். அவள் போனால் கடை மூடாது, அதைச் சொல்லிக்கொள்கிறேன். நான் எத்தனையோ பேரைப் பார்த்தவன். ஆனால் அவள் போனால் வைகாசியும் ஆனியும் என்ன ஆகும் என்று ஆர்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். புது ஆள் வந்து ஒரு தாய்மாமன் பெயரை விட்டுவிட்டால், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டை போட மாட்டார்கள். நேராக என் கடைக்குத்தான் வருவார்கள்.

நானே இறங்கினேன். முன்னொரு காலத்தில் கடைக்குக் கரண்டு பில் தாறுமாறாக வந்தது. எலக்ட்ரீஷியன் மோட்டாரை மாற்று என்றான். நான் மீட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து, மீட்டரில் சுழலுகிற தகடு எப்போது நிற்கிறது என்று பார்த்தேன். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஓடியது. வெளியே இருந்த பெயர்ப் பலகைக்குப் போகிற ஒயர் ஈரச் சுவரில் உரசிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தவன் நான். கரண்டுக்கு மீட்டர் இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு மீட்டர் இருக்க வேண்டுமே என்று மருமகனைக் கேட்டேன்.

"இருக்கு மாமா" என்று சொல்லி கீபோர்டில் எந்தெந்தச் சாவியை அமுக்க வேண்டும் என்று சொன்னார். ஒரு பட்டியல் வந்தது. எந்தப் புரோகிராம் மேசையில் எவ்வளவு இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பக்கத்திலேயே எண் ஓடுகிறது. இப்படி ஒன்று இருக்கிறது என்பதை அந்த ரிப்பேர்காரரும் சொல்லவில்லை, இவரும் அதுவரை சொல்லவில்லை. நான் கேட்ட பிறகுதான் சொல்கிறார்கள்.

நான் அந்தப் பெண் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன அண்ணாச்சி, எனக்குக் காவலா?"

"நீ பாட்டுக்கு வேலையப் பாரு. நான் மீட்டர் பாக்கேன்."

பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தது எங்கள் எடிட்டர். படம் வைத்துப் பக்கம் அமைக்கிற பெரிய புரோகிராம் கூட அதற்குக் கீழேதான். ஒரு பக்கம் எழுத்து, வெறும் எழுத்து, அதற்குப் பாதி மெஷின். எனக்கு நம்ப முடியவில்லை. மருமகனுக்கு அதைவிட நம்ப முடியவில்லை.

"மாமா, டெக்ஸ்ட் எடிட்டர்லாம் அவ்வளவு எடுக்காது. நீங்க வேற வரியப் பாக்குறீங்க. பிரௌசரா இருக்கும்."

"மாப்பிள்ளை, நான் படிக்காதவன். ஆனா எண்ணு படிப்பேன்."

எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். அவளை வெறும் எழுத்து அடிக்கச் சொன்னேன். எண் அசையவில்லை என்றே சொல்லலாம். ஒரு மாப்பிள்ளை பெயரை அழித்து வேறு பெயர் அடிக்கச் சொன்னேன். அப்போதும் பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு அவள் வழக்கமாகச் செய்கிற மாதிரி பட்டனை அமுக்கினாள். எண் குதித்தது.

இந்தப் பட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பார்ட்டிகள் பெயர் விவரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். இப்போது எல்லாரும் போனில் அடித்து அனுப்புகிறார்கள். போனில் இருக்கிற தமிழ் எழுத்து ஒரு ஜாதி, நாங்கள் பக்கம் அமைக்கிற புரோகிராமில் இருக்கிற பழைய எழுத்து வேறு ஜாதி. நேராக எடுத்துப் போட்டால் கோழி கிறுக்கின மாதிரி வரும். அதனால் போன தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த மருமகன் எடிட்டரில் ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தார். அமுக்கினால் பக்கம் முழுக்கப் பழைய எழுத்தாக மாறும். வேலை முடிந்ததும் இன்னொரு பட்டனை அமுக்கினால் திரும்பவும் போன் எழுத்தாகிவிடும். நல்ல வசதி. நானே அவரை எல்லாரிடமும் மெச்சிச் சொல்லியிருக்கிறேன்.

"இன்னொரு தடவை அமுக்கு" என்றேன். மறுபடியும் குதித்தது. திரும்ப மாற்றச் சொன்னேன். அதற்கும் ஏறியது. செத்த நேரம் சும்மா இருந்து பார்த்தோம். ஏறினது இறங்கவே இல்லை.

"பாத்தியா" என்றேன். "பாட்டு இல்ல, பட்டன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாட்டு இல்லைன்னு நான் அன்னைக்கே சொல்லிருப்பேன். நீங்க கேட்டிருக்கணும்ல" என்றாள்.

மருமகனுக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளை, திருடன் ஒங்க பட்டன்தான்" என்றேன். எண் எவ்வளவு ஏறியது என்று திரும்பக் கேட்டார். பிறகு விளக்கினார். எடிட்டரில் தப்பாக அடித்துவிட்டால் பின்னால் போவதற்கு வசதி இருக்கிறதாம். அதற்காக நாம் அடித்தது, அழித்தது, மாற்றினது ஒவ்வொன்றையும் அது வரிசையாக எடுத்து வைத்துக்கொள்கிறதாம். பட்டனை அமுக்கும்போது அ, ஆ, க, கா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பக்கம் முழுக்க மாற்றுகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கம் முன்னால் எப்படி இருந்தது என்று ஒரு நகல் எடுத்து அடுக்கிக்கொள்கிறது.

"நான்தான் அழிச்சிட்டேனே. பொறவு அது எதுக்கு வைக்குது?"

"நீங்க திரும்பக் கேட்டா குடுக்கணும்ல மாமா."

"நான் கேக்கவே மாட்டேனே."

"அது அதுக்குத் தெரியாதுல்ல. ஃபைல மூடினாத்தான் எல்லாத்தையும் விடும். நீங்க விஜயதசமிலருந்து மூடவே இல்ல. தப்பு என் பட்டன்ல பாதி, உங்க பூஜைல பாதி."

பாதி பாதி என்று பிரித்துவிட்டால் நான் விட்டுவிடுவேன் என்று நினைக்கிறார்.

எனக்கு வந்த கோபம் மருமகன் மேலா, மெஷின் மேலா என்று தெரியவில்லை. ஈய எழுத்தில் ஒரு பெயரை எடுத்துவிட்டால் எழுத்தைப் பிரித்து அதனதன் அறையில் போடுவோம். மாப்பிள்ளை பெயரில் இருந்த எழுத்து மறுநாள் கருமாதிப் பத்திரிகையில் இருக்கும். எடுத்தது எடுத்ததுதான். இங்கே நான் அழித்த மாப்பிள்ளைகள், அழித்த மண்டபங்கள், அழித்த சித்தப்பாக்கள் எல்லாரும் என் மெஷினுக்குள் வரிசை கட்டி உட்கார்ந்துகொண்டு என் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் கேட்டது இவர்களை?

"நெசமாவா வச்சிருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண் பின்னால் போகிற சாவியை அமுக்கிப் பிடித்தாள். மெஷின் முனகிக்கொண்டு பின்னால் போனது. முந்தின நாள் அடித்த பத்திரிகை வந்தது. அதற்கு முந்தினது வந்தது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு குடும்பத்துப் பத்திரிகை வந்தபோது அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரிக்கிறாள்.

"இந்தத் தாய்மாமனப் பாருங்க அண்ணாச்சி. மேல போறாரு, கீழ வாராரு, அத்தைக்குப் பக்கத்துல உக்காருதாரு, திரும்பவும் மேல போறாரு. அன்னைக்குப் போன்லயே அழுதாரு மனுசன்."

"கடைசில எங்க வச்சோம்?"

"மொதல்ல வச்ச எடத்துல தான்."

நானும் சிரித்தேன். அப்புறம் மறுபடி எரிச்சல் வந்துவிட்டது. தீர்வு என்ன என்றால் எல்லாரும் மூடு, மூடு என்கிறார்கள். எவ்வளவுதான் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று எடிட்டருக்கு ஓர் அளவு போட முடியுமா என்று மருமகனிடம் கேட்டேன். போடலாம், எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், தீபாவளிக்கு வரும்போது பார்க்கிறேன் என்றார். வைகாசியில் கேட்டால் தீபாவளி என்கிறார். நான் என்ன செய்ய? எனக்கு மூடுவதும் அணைப்பதும் ஒன்றுதான், மெஷினை அணைக்க மாட்டேன் என்றால் மாட்டேன். பட்டனையும் விட முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கிளம்பும்போது நாற்காலியில் போட்டிருந்த மெத்தையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அது அவளே தைத்துக்கொண்டு வந்தது, முதுகு வலிக்காக. வந்த முதல் வருடத்திலிருந்து அந்த நாற்காலியில்தான் கிடக்கும்.

"நாளைக்கு வருவேல்ல?" என்றேன்.

"பட்டாளத்துக்காரர் வீட்டுப் பத்திரிகை இருக்குல்ல. வாரேன்."

நோயைக் கண்டுபிடித்தாயிற்று. அப்படியும் அவள் மெத்தையை எடுத்துக்கொண்டு போகிறாள். இது எனக்கு விளங்கவே இல்லை.

சனிக்கிழமை காலையிலேயே மகாராஜபுரத்துக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர், மகனும் பட்டாளத்தில். மகன் லீவில் வந்து கல்யாணத்தை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். கிறிஸ்தவக் குடும்பம், மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது கையில் கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அது தவறினால் ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுக்க வேண்டும். கிழவனார் முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது.

எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகிற நேரத்தில் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"ஏத்தா, என் மூத்த மச்சான் பேருக்குப் பின்னால முன்னாள் ராணுவம்னு போட்டியா?"

"இல்லையே, நீங்க சொல்லலையே."

"எனக்குப் போட்டு அவனுக்குப் போடலேன்னா அவன் வாசப்படி மிதிப்பானா?"

அவள் அடித்தாள். பட்டனை அமுக்கினாள். திரை வெளுத்து நின்றுவிட்டது. சின்ன வட்டம் மட்டும் சுற்றுகிறது. ஒரு டீ குடித்தோம். சுற்றுகிறது. மகாராஜபுரத்துக்காரர் மெஷினைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"என்ன அண்ணாச்சி, இது பரேடுல மயங்கி விழுந்த ரெக்ரூட் மாதிரி நிக்குது?"

எனக்கு அவமானமாக இருந்தது. என் கடையில், ஒரு பார்ட்டி முன்னால். பொட்டு வைத்த திரையைப் பார்த்தேன். மேலே மாட்டியிருந்த சரஸ்வதி படத்தையும் பார்த்தேன். சரி, பூஜை போனால் போகட்டும் என்று எழுந்து சுவரில் இருந்த சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"என்ன பண்ணுறீய?" என்றாள்.

"அணைக்கேன். எல்லாரும் அதத்தானே சொல்லுதீய."

"மெஷின அணைக்கணும்னு யாரு சொன்னா? ஒங்க மருமகன் சொன்னாவ. நான் சொன்னேனா? அந்த ஒரு ஃபைல மட்டும் மூடினாப் போதும். மெஷின் பாட்டுக்கு ஓடட்டும். ஒங்க பூசைக்கு ஒண்ணும் ஆகாது."

கை அப்படியே நின்றுவிட்டது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"பங்குனிலயே சொன்னேன். ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனித்தனி ஃபைல் போட்டு முடிஞ்சதும் மூடிருவோம்னு சொன்னேன். அப்பல்லாம் நீங்க பாட்டப் பத்தித்தான் பேசிட்டு இருந்தீய."

சொன்னாளா? சொல்லியிருப்பாள். ஒரே ஃபைல்தான் என் முறை, அதில் கை வைக்காதே என்று நானும் சொல்லியிருப்பேன். இத்தனை வருடம் சோறு போட்ட முறை, அதை ஒருத்தி மாற்றச் சொன்னால் உடனே சரி என்பவன் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டான்.

"சேவ் பண்ணியிருக்கியா?"

"தெனமும் பண்ணுதேன். வாசகம் எங்கயும் போகாது."

"அப்போ மூடு."

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "நீங்களே மூடுங்க. நான் மூடி ஏதாவது ஆச்சுன்னா பொறவு ஆயுள் பூரா கேக்கணும்."

நான் மவுஸைப் பிடித்தேன். மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கினேன். மெஷின் என்னமோ கேட்டது, அவள் எட்டிப் பார்த்து, "சரின்னு அமுக்குங்க" என்றாள். அமுக்கினேன். விஜயதசமியில் திறந்த ஃபைல் போய்விட்டது. பட்டியலில் அந்த எண் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அதையும் சுவரில் கடைசியாக எழுதினேன். மெஷின் சத்தம்கூடக் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அவள் அதெல்லாம் ஒன்றும் குறையவில்லை என்கிறாள்.

புதிதாக ஒரு ஃபைல் திறந்து, வாசகத்தை அதில் எடுத்துப் போட்டு, அதற்கு மகாராஜபுரம் என்று பெயர் வைத்தாள். மச்சானுக்கு முன்னாள் ராணுவம் சேர்ந்தது. பட்டனை அமுக்கினாள், கண்ணிமைப்பதற்குள் மாறியது. மதியம் தாண்டுவதற்குள் கட்டுக் கட்டாக மடித்துப் பெரியவர் கையில் கொடுத்தோம். அவர் போகும்போது, "இம்புட்டு வேகமா அடிக்கிற மெஷின வச்சிக்கிட்டா காலைலருந்து என்னைய உக்கார வச்சீய?" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்த ஊரில் ஒருத்தனைத் திருப்திப்படுத்த முடியாது.

சாயங்காலம் அவள் பையை எடுத்தாள். நான், "வேணும்னா பாட்டுப் போட்டுக்கோ" என்றேன்.

"வேல முடிஞ்சு போற நேரத்துலயா?"

"இனிமேன்னு சொல்லுதேன்."

"பாப்போம்" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வருகிற நேரம், போய்விட்டாள். பாப்போம் என்றால் என்ன அர்த்தம்? ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஃபிளெக்ஸ் கடைக்காரன் மேல் கோபம், மருமகன் மேல் கோபம். மகள் போன் போட்டபோது அவள் மேலும் பாய்ந்தேன். "கம்ப்யூட்டர் சரியாயிருச்சுல்ல, இன்னும் என்னப்பா ஒங்களுக்கு?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கடையைத் திறந்துவிட்டேன். அவள் வழக்கமான பஸ்ஸில் வந்தாள். பை புடைத்துக்கொண்டிருந்தது. மெத்தையை எடுத்து உதறி நாற்காலியில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை துவைத்திருப்பாள் போல, சோப்பு வாசனை வந்தது. நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணாச்சி, அந்தச் சாக்பீஸ் கணக்க ஈரத்துணி வச்சுத் தொடைக்கட்டா? பார்ட்டி வந்தா ஏதோ சீட்டாட்டக் கணக்குன்னு நினைப்பாவ."

"கடைசியில இருக்குறத மட்டும் விட்டுட்டு மத்ததத் தொடை."

துடைத்தாள். உட்கார்ந்தாள். வத்திராயிருப்புப் பார்ட்டிக்கு ஒரு ஃபைல் திறந்தாள். பாட்டைப் போட்டாள். முன்பு வைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாள்.

"செத்த கொறச்சு வையேன்" என்றேன்.

ஒரு துளி குறைத்தாள், அவ்வளவுதான். அவள் தலையைத் திருப்பின நேரம் பார்த்து நான் எட்டி அந்தப் பட்டியலைப் பார்த்தேன். பாட்டு ஓடுகிறது, பாட்டுக்கு நேரே இருக்கிற எண் சின்னது, எடிட்டர் எண் சுவரில் இருக்கிற எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பாட்டு பெரிதாக ஒன்றையும் தின்னவில்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் திரும்பாமலேயே, "எம்புட்டு காட்டுது?" என்று கேட்டாள்.